வெள்ளிக்கிழமை வரும் இணையம்

எங்கள் வீட்டு இணையம் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து, ஞாயிறு பின்னேரம் போய்விடும். இடையில் கிழமை நாட்களில் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. வரும், நிற்கும், போகும், திரும்ப வரும். லப்டொப்பில் ஆசிரியையின் முகம் பாதி வாய் திறந்தபடி அசையாமல் நிற்கும். நானும் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகமும் போய், திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றும்.

இதை என் கணவரிடம் சொன்னால் நம்பமாட்டார். அவருக்கு ஜேர்மனியில், ஹனோவரில் ஒரு பண்டகசாலையில் வேலை. கிழமை நாட்களில் விடிய முன் போய், பின்னேரம் மூன்று மணிக்கு வந்து, குசினியில் நின்றபடியே தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு போனில் செய்தி பார்ப்பார். போனில் இணையம் குசினிக்குள் ஒரு நாளும் நின்றதில்லை. சனிக்கிழமை ஆறுதலாக என் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பார். அதுவும் நின்றதில்லை.

"முழு மச்சும் பாத்தனான். ஒருக்காக்கூட அறுபடேல்லை. நீர்தான் என்னத்தையோ அமத்திப்போடுறீர்."

"நான் ஒண்டையும் அமத்தேல்லை. செவ்வாயும் வியாழனும் வீட்டில இருந்து பாருங்கோ, அப்ப தெரியும்."

"லப்டொப்புக்குச் செவ்வாய் வியாழன் தெரியுமே?"

 அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

செவ்வாயும் வியாழனும்தான் எனக்கு வகுப்பு. ஐம்பத்திரண்டு வயதில் என்ன வகுப்பு என்று கேட்டவர்கள் உண்டு. பத்தொன்பது வருடமாக நான் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்தேன். குசினி நிலத்துக்குக் கீழே. ஆட்கள் மேலே. சாப்பாட்டுத் தட்டுகள் தள்ளுவண்டியில் ஏறி லிஃப்டில் மேலே போகும், சாப்பிட்ட தட்டுகளாகத் திரும்பி வரும். ஒவ்வொரு தட்டிலும் அறை இலக்கம் இருக்கும். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேரைத் தட்டாகத்தான் எனக்குத் தெரியும். ஏழாம் அறை கரட்டை ஒதுக்கும். இருபத்திரண்டாம் அறை மீன் நாட்களில் தொட்டும் பார்க்காது. பதினான்கின் தட்டு, பாண் ரொட்டித் துண்டால் துடைத்துத் துடைத்துக் கழுவினது போல வரும். சோஸ் போதவில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானாகவே பதினான்குக்கு ஒரு அகப்பை கூடுதலாக ஊற்றத் தொடங்கினேன். அப்போதும் தட்டு துடைத்தபடிதான் வந்தது.

அந்த ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு ஒன்றும் இல்லை. மேலே ஒரு வேலை இருக்கிறது. கழுவித் துடைத்து மருந்து கொடுக்கும் வேலை அல்ல, அதற்கு வேறு ஆட்கள். இது அவர்களோடு கூட இருக்கும் வேலை: பேப்பர் வாசித்துக் காட்டுவது, சீட்டு விளையாடுவது, தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது, சும்மா இருந்து கதைப்பது. கதைக்கச் சம்பளம் தருகிறார்கள் என்றால் அந்த வேலைக்கு என்னைவிட யார் பொருத்தம்? ஆனால் ஜேர்மனியில் கதைப்பதற்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்குத்தான் வகுப்பு. கடைசியில் அரை மணி நேர வாய்மொழிப் பரீட்சை. வகுப்பும் பரீட்சையும் லப்டொப்பில்தான். மேலே ஒரு இடம் காலியாகி இருந்தது. இல்லத்தின் தலைவி அதை எனக்காக மாத முடிவு வரைக்கும் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அடுத்த பரீட்சை இலையுதிர் காலத்தில். அதுவரைக்கும் அந்த இடம் காத்திருக்காது.

ஆகவே இணையம் வேண்டும். ஒரு வியாழக்கிழமை காலை, பத்திலிருந்து பத்தரை வரை. கூட ஒரு நிமிடமும் நான் கேட்கவில்லை.

முதலில் பான் நகரில் படிக்கிற மகளிடம் கேட்டேன். "அணைச்சுப்போட்டுத் திருப்பிப் போடுங்கோ அம்மா," என்றாள். போட்டேன். பிறகு கணவர் வைத்தியத்தைக் கையில் எடுத்தார். மைக்ரோவேவ் அடுப்புத்தான் காரணம் என்று அதன் வயரைப் பிடுங்கினார். ஒரு கிழமை சோற்றைச் சட்டியில் சூடாக்கினேன், இணையம் மாறவில்லை. மேல்மாடிக்காரர் எங்களுடையதைத் திருடுகிறார் என்று கடவுச்சொல்லை மாற்றினார். மாற்றியதை மறந்து, தானே இரண்டு நாள் இணையத்துக்கு வெளியே நின்றார். பிறகு லப்டொப்பை இரண்டு கையிலும் ஏந்தி, அழுகிற பிள்ளையை உலாத்துகிற மாதிரி வீடு முழுவதும் நடந்தார். படுக்கையறை யன்னலடியில் கொஞ்சம் பரவாயில்லை என்று தீர்ப்பு வந்தது. நான் மேசையை அங்கே இழுத்தேன். அது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை யன்னலடியிலும் வட்டம்தான் சுற்றியது.

போனிலிருந்து இணையம் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வெளிச் சிக்னல் ஒரு கோடு காட்டும், நல்ல நாளில் இரண்டு. வயரைக் குத்தலாமே என்பீர்கள். கணவர் பழசாக வாங்கித் தந்த அந்த மெல்லிய லப்டொப்பில் வயர் குத்த ஓட்டையே இல்லை. எல்லாம் யோசித்துத்தான் இருந்தோம்.

கடைசியில் இணையக் கம்பெனிக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு பொறுமையான ஆண்குரல் வந்தது.

"ரூட்டர் எங்கே இருக்கிறது? நிலத்திலா? அலுமாரிக்குள்ளா?"

"இல்லை. நடைக் கூடத்தில், அலுமாரிக்கு மேலே."

"உயரத்தில். மிக நல்லது. பக்கத்தில் மீன் தொட்டி, ஹீட்டர், அப்படி ஏதாவது?"

"ஒன்றும் இல்லை."

அவர் தன் பக்கத்திலிருந்து அளந்து பார்த்து, வீட்டு வாசல் வரைக்கும் இணையம் திறமாக வருகிறது என்றார். அப்படியானால் குற்றம் லப்டொப்பில்தான். கணவரின் முகம் ஒரு மாதிரிப் போனது. லப்டொப் அவர் வாங்கினது.

பரீட்சைக் கிழமையின் செவ்வாய்க்கிழமை ஒத்திகை வைத்தார்கள். பதினைந்து நிமிடத்தில் நான்கு தரம் அறுந்தது. ஆசிரியை நல்ல மனுசி. அதனால்தான் அவர் சொன்னது இன்னும் சுட்டது. "நீங்கள் நன்றாகச் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வியாழக்கிழமை மூன்றாம் தரம் அறுந்தால், நாங்கள் நிறுத்தத்தான் வேண்டும். அது விதி."

நான் லப்டொப்பை மூடிவிட்டு அழுதேன். படிக்காமல் விட்டுத் தோற்றால் என்னை நானே திட்டிக்கொள்ளலாம். சுற்றுகிற ஒரு வட்டத்திடம் தோற்பதற்கு யாரைத் திட்டுவது? கணவரைத் திட்டினேன்.  அவர் வியாழக்கிழமைக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை பின்னேரம் போன் அடித்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற அக்கா. எங்கள் கிடாரம் வேண்டுமாம்.

கிடாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு பேருக்குச் சோறு வடிக்கக்கூடிய அலுமினியக் கிடாரம். கன காலத்துக்கு முன் ஹம்பேர்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி, ஆளுக்கொரு காது பிடித்து ரயிலில் கொண்டுவந்தோம். டிக்கெட் பார்க்க வந்தவர் அதற்கும் ஒரு டிக்கெட் வேண்டுமோ என்று யோசித்து நின்றார். இந்த நகரத்தில் எங்கள் சனத்துக்கு அது பொதுச்சொத்து. பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி, கோயில் அன்னதானம், எதற்கும் அது போகும். கோடை தொடங்கினால் அது எங்கள் வீட்டில் தங்குகிற சனி ஞாயிறு குறைவு. வெள்ளிக்கிழமை யாராவது எடுத்துப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தருவார்கள். வெறுமையாகத் தரமாட்டார்கள். நாலு வடை, ஒரு பை பருப்பு, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனி என்றாலும் உள்ளே இருக்கும். வீட்டிலும் நான் அதை வெறும் பாத்திரமாக வைப்பதில்லை. வெறும் பாத்திரம் வீட்டுக்கு ஆகாது என்பது எனக்குப் பாலோடு ஊட்டின விசயம். எப்போதும் ஏதாவது ஒன்றை உள்ளே வைத்துத்தான் அலுமாரிக்கு மேலே சரித்து வைப்பேன்.

"நாளைக்குக் காலமை பத்து மணிக்கு இவர் வந்து எடுக்கட்டோ?" என்றார் அக்கா. "வெள்ளிக்கிழமை கோயிலில சமையல்."

கேட்டவர்களுக்கு இல்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "நாளைக்குக் காலமை ஏலாது அக்கா. எனக்குச் சோதினை. வீட்டில ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கோ."

"ஓம் ஓம், அதுக்கென்ன. நீங்கள் வடிவாச் செய்யுங்கோ."

அக்கா குரலில் குறை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் மனம் அரித்தது.

வியாழக்கிழமை பத்து மணி. மேலே கறுப்பு ஜக்கெட், கீழே வீட்டுப் பாவாடை. கழுத்துக்குக் கீழே திரையில் தெரியாது. படுக்கையறைக் கதவைச் சாத்தி, யன்னலடி மேசையில் இருந்தேன். வெளியே நடைக் கூடத்தில் கணவர் கதிரை போட்டுக் காவல். திரையில் ஆசிரியையும், எனக்குத் தெரியாத, கண்ணாடி போட்ட இன்னொரு அம்மாவும். வணக்கம் சொன்னோம். பெயர் கேட்டார்கள். பெயரில் பாதி போகும்போதே அறுந்தது.

ஒன்று.

திரும்ப வந்தது. கண்ணாடி அம்மா முதல் கேள்வியைத் தொடங்கினார். "ஒரு புதிய நபரின் அறைக்குள் முதல் தரம்..." அவ்வளவுதான். வட்டம்.

இரண்டு.

 திரும்ப வந்தபோது ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. இரக்கம் வந்தால் முடிந்தது என்று எனக்குத் தெரியும். கண்ணாடி அம்மா கேள்வியை முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். அவர் குரல் வெட்டி வெட்டி வந்தது. முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

அக்காவின் கணவர். நேரத்தை மாற்றிச் சொன்னது அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்ததுதான், ஆனால் அவருக்குப் பதினொன்றுக்கு வேலை. கதவுக்கு வெளியே இரண்டு ஆண்கள் குசுகுசுப்பதாக நினைத்துக்கொண்டு கதைப்பது எனக்கு முழுக்கக் கேட்டது.

"சோதினை நடக்குது அண்ணை, பிறகு வாங்கோ."

"ஒரு நிமிச வேலை தம்பி. சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போறன்."

ஏணி கிரீச்சிட்டது. பிறகு கிடாரத்தின் காது அலுமாரியில் பட்டு, கோயில் மணி மாதிரி ஒரு சத்தம்.

அதே கணத்தில் திரையில் இரண்டு முகங்களும் கழுவி வைத்தது போலத் துலங்கின. கண்ணாடி அம்மாவின் கண்ணாடியில் அவருடைய யன்னல் தெரிந்தது. இத்தனை மாதத்தில் என் ஆசிரியையின் கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

கதவுக்கு வெளியே கணவரின் குரல் கேட்டது. "இஞ்சேரும், இந்த ரூட்டரை எங்கை வைக்கிறது?"

அலுமாரிக்கு மேலே என்றுதான் நான் கம்பெனிக்காரரிடம் சொன்னேன், பொய்யில்லை. அலுமாரிக்கு மேலே கிடாரம். கிடாரத்துக்குள்ளே ரூட்டர். வகுப்புத் தொடங்கிய நாட்களில் வாசலடியில் செருப்பு அடுக்குகிற சப்பாத்துத் தட்டில் இடைஞ்சலாகக் கிடந்ததை எடுத்து, வெறும் பாத்திரம் வைக்கக் கூடாது, இடமும் மிச்சம் என்று நானேதான் உள்ளே வைத்தேன். கிடாரத்தின் வாய் குசினிப் பக்கம், அலுமினிய அடி மற்ற அறைகள் பக்கம். அதனால்தான் போன் குசினியில் நின்றதே இல்லை. கிடாரம் ஊர் போகிற நாட்களில் ரூட்டர் வெளியே மூச்சு விடும். ஞாயிற்றுக்கிழமை கிடாரம் வந்ததும், வடையை எடுத்துவிட்டு, என் கையாலேயே நான் அதைத் திரும்ப உள்ளே வைப்பேன்.

எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், ஏலவில்லை. பரீட்சை எடுக்கிறவர்கள் முன்னால், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்துக் கத்தினேன்: "ஒரு இடத்திலயும் வைக்காதேங்கோ! கையில பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ!"

"என்ன நடந்தது?" என்று ஆசிரியை பயந்து கேட்டார். இனி எதை மறைப்பது? நடந்ததைச் சொன்னேன். வெறும் பாத்திரம் வைக்காத வழக்கத்தையும் சொன்னேன். கண்ணாடி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேள்வியைக் கேட்டார். ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் முதல் தரம் அவர் அறைக்குள் போகிறீர்கள், எங்கிருந்து தொடங்குவீர்கள்? அதற்கு நான் பாடமாக்கி வைத்த விடை இருந்தது: கோப்புகளை வாசிப்பேன், வாழ்க்கை வரலாற்றை அறிவேன், குடும்பத்தாரைக் கேட்பேன். சிரித்ததில் அது எல்லாம் பறந்துவிட்டது. "அவர் சாப்பிட்ட தட்டைப் பார்ப்பேன்," என்றேன். பிறகு கரட்டைப் பற்றியும் மீனைப் பற்றியும் பாணால் துடைத்த தட்டைப் பற்றியும் சொன்னேன். ஒரு தரமும் அறுபடவில்லை. முடிந்து கதவைத் திறந்தால், கணவர் நடைக் கூடத்தின் நடுவில், ரூட்டரைச் சாமி விளக்கு மாதிரி இரண்டு கையிலும் ஏந்தியபடி நிற்கிறார்.  அரை மணி நேரம் அசையவில்லையாம்.

"இப்ப கீழே வைக்கலாமே?" என்றார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன், ரூட்டர் இடையில் குத்தியது. இத்தனை கிழமையாக அவரைத் திட்டின திட்டெல்லாம் என்னுடைய திட்டு. அதை அவர் அன்றைக்குச் சொல்லிக் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நூறு பேருக்குச் சொல்லிக் காட்டினார்.

அக்காவிடம் நான் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் ஏலாது எண்டு சொன்னதைக் கேக்காமல் இவர் வந்தது நல்லதாப்போச்சு, என்ன?" என்று அவர் சிரித்தார். கிடாரம் சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வந்தது. இப்போது அது அலுமாரிக்கு மேலே ஒரு பிடி அரிசியோடு இருக்கிறது. ரூட்டர் சப்பாத்துத் தட்டில்.

மாதம் முடிய முன் சான்றிதழ் வந்தது. மேலே முதல் நாள், கீழிருந்து அதே லிஃப்டில், இந்த முறை தள்ளுவண்டி இல்லாமல் ஏறினேன். முதலில் பதினான்காம் அறைக் கதவைத் தட்டினேன். யன்னலோரம் சின்ன உருவமாக ஒரு அம்மா. கையைக் கொடுத்து, நான் இதுவரை கீழே குசினியில் இருந்தேன், இனி உங்களோடு இருப்பேன் என்றேன்.

அவர் கையை விடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குசினியிலா? அப்படியானால் சோஸ் கூடுதலாக ஊற்றுகிறது நீங்களா?"

"ஓம்," என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்கு விளங்கியது.

"நான் துடைத்துத் துடைத்து அனுப்பினேன், ஒரு நன்றிக்கு," என்றார். பிறகு முகம் வாடியது. "நீங்கள் மேலே வந்துவிட்டால், இனி யார் ஊற்றுவார்கள்?"

கீழே புதிதாக வந்திருக்கிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். பதினான்குக்கு இரண்டு அகப்பை.